வலி அறியும் உடல்

சனவரித் திங்களில் நம் பங்கு ஆலயங்களில் இரண்டு அறிவிப்புகள் அடுத்தடுத்து வாசிக்கப்படுகின்றன. ஒன்று, 18-ஆம் நாள் தொடங்கி, 25-ஆம் நாள் திருத்தூதர் பவுல் மனமாற்ற விழாவன்று நிறைவுறும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தைப் பற்றியது. மற்றொன்று, அத்திங்களின் கடைசி ஞாயிறன்று நினைவுகூரப்படும் உலகத் தொழுநோய் நாளைப் பற்றியது. ரவோல் ஃபொல்லரோ என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்க எழுத்தாளரின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டு தொடங்கிய நாள் அது. முதல் அறிவிப்பைக் கேட்டு ஒரு செபம் சொல்கிறோம். இரண்டாவதைக் கேட்டு ஒரு காணிக்கை இடுகிறோம். இவ்விரண்டிற்கும் இடையே ஓர் உறவு உண்டா என எண்ணிப் பார்ப்போர் சிலரே.

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கேனும் அவ்வுறவு தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில், பிரிந்து கிடந்த கிறிஸ்தவ சபைகள் ஒன்றாய் நின்று பணியாற்றக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடங்களுள் ஒன்று நம் வேலூர். தொழுநோயாளரின் கை கால்களுக்கு என்ன நேர்கிறது என்பதை உலகம் புரிந்துகொண்டதும் இதே வேலூரில்தான். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே மருத்துவமனையின் வரலாற்றில் பின்னிக் கிடக்கின்றன. துன்பக் காலத்தில் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது, ஒற்றுமை எதனால் உண்டாகிறது என்னும் கேள்விகளுக்கு அவ்வரலாறு தரும் விடையை இங்கு நாம் சற்று நின்று நோக்குவோம்.

பிரிவுகளின் நிலம்

இராணிப்பேட்டை, வாலாசாப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிச் செல்லும் ஊர்வரிசையைத் தோல் வட்டாரம் என்று உலகம் அறியும். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையிட்டுப் பதப்படுத்திய தோல்கள் இங்கிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குச் சென்றன. பின்னர் குரோமிய உப்புகள் வந்தன. அதன்பின் காலணித் தொழிற்சாலைகள் வந்தன. தோல் மண்டிகளையும் டேனரிகளையும் நடத்தியோர் பெரும்பாலும் இசுலாமிய வணிகர்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டியோர் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரிகளின் மக்கள். நற்செய்தியை ஏற்றுக்கொண்டோரில் மிகப் பலரும் அச்சேரிகளிலிருந்தே வந்தனர்.

ஆனால் அம்மக்களுக்கு நற்செய்தி ஒரே வாசல் வழியாக வரவில்லை. அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் 1853-ஆம் ஆண்டு ஆற்காட்டு மிஷனை நிறுவினர். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை 1895-ஆம் ஆண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் பணி தொடங்கி, பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி வரை பரவியது. கத்தோலிக்க மக்களோ சென்னை உயர்மறைமாவட்டத்தின் கண்காணிப்பில் இருந்தனர். பின்னாளில் சலேசிய சபையினர் இங்கு உழைத்தனர். 1952-ஆம் ஆண்டு வேலூர் தனி மறைமாவட்டமாயிற்று. ஒவ்வொரு சபைக்கும் தனிக் கோயில், தனிப் பள்ளி, தனிக் கல்லறைத் தோட்டம். நம் முன்னோர் சீர்திருத்தச் சபையினரைப் 'பதிதர்' என்று ஒதுக்கினர். அவர்களோ நம்மைச் சிலை வணங்குவோர் என்று பழித்தனர். ஒரே தெருவில் பிறந்து, ஒரே தொட்டியில் இறங்கி உழைத்து, ஒரே ஆண்டவரை வணங்கியவர்கள், ஞாயிறு காலையில் மட்டும் ஒருவரையொருவர் அறியாதவர் போல நடந்து சென்ற காலம் அது.

இப்பிரிவினைகளின் நடுவே ஒன்றிப்பு எவ்வாறு முளைத்தது? மாநாட்டு மேடையில் அன்று. ஒரு சாவு வீட்டில்.

மூன்று வீடுகளின் சுவர்கள்

ஐடா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு திசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தாவும் தந்தையும் மருத்துவ மறைப்பணியாளர்கள். பஞ்சத்தையும் நோயையும் சிறுவயதிலேயே கண்டு சலித்திருந்த அப்பெண், அமெரிக்காவில் கல்வி பயின்று அங்கேயே வாழ விரும்பினார். தாயின் உடல்நலக் குறைவின் பொருட்டே 1890-ஆம் ஆண்டு அவர் மீண்டும் இந்தியா வந்தார். அப்போது தந்தை திண்டிவனத்தில் மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரே இரவில் மூன்று ஆடவர்கள், ஒருவர்பின் ஒருவராக, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் வேறொரு மேல்சாதி இந்து. மூவருடைய மனைவியரும் பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மருத்துவம் பயிலாத ஐடா, தன் தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். அந்நிய ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட்டு மருத்துவம் செய்வதற்கு மூவரும் இசையவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தனர்.

இந்நிகழ்ச்சியை ஐடாவின் அழைப்பு என்று பலரும் சொல்வர். நாம் இதில் மற்றொன்றையும் காண்கிறோம். அம்மூன்று குடும்பங்களும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணாதவர்கள். ஒரே கடவுளை ஒரே பெயரால் அழைக்காதவர்கள். எனினும் மூவருக்கும் வந்த துயரம் ஒன்றே. அப்பெண்களைக் கொன்றது நோய் மட்டுமன்று. அவர்களைச் சுற்றி எழுப்பப்பட்டிருந்த சுவர்களும்தாம். சுவர்களைக் காப்பாற்றியவர்கள் உயிர்களை இழந்தனர்.

ஐடா அமெரிக்கா சென்றார். 1899-ஆம் ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ஆம் ஆண்டின் முதல் நாளன்று இந்தியாவுக்குத் திரும்பினார். அவ்வாண்டே தந்தை மறைந்தார். துணைக்கு மூத்த மருத்துவர் எவருமின்றி, வேலூரில் தம் இல்லத்திலேயே ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவம் தொடங்கினார். 1902-ஆம் ஆண்டு 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909-ஆம் ஆண்டு செவிலியர் பள்ளி. 1918-ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அப்பள்ளிக்குச் சூட்டிய பெயரிலேயே 'ஒன்றியம்' என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்றிருந்தது. ஒரே மிஷனின் கைப்பொருளால் நடத்த இயலாத பணி என்பதால், தொடக்கத்திலேயே பல மிஷன்கள் கைகோத்தன. 1922-ஆம் ஆண்டு 14 பெண்கள் அங்கிருந்து மருத்துவராய் வெளிவந்தனர்.

மூடுவதா, ஒன்றுபடுவதா?

பணி வளர்ந்துகொண்டிருந்தபோதே பேரிடி விழுந்தது. எல்.எம்.பி. என்னும் மருத்துவப் பட்டயக் கல்வியைக் கைவிட்டு, இனி எம்.பி.பி.எஸ். பட்டம் மட்டுமே வழங்கப்பட வேண்டும் என்று சென்னை மாகாண அரசு 1938-ஆம் ஆண்டளவில் முடிவெடுத்தது. மக்களுக்குத் தரமான மருத்துவர் வேண்டும் என்னும் நோக்கில் எழுந்த அம்முடிவைத் தவறென்று கூறவியலாது. ஆனால் வேலூர்ப் பள்ளிக்கு அது வாழ்வா சாவா என்னும் கேள்வியாயிற்று. உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள், மிகுந்த படுக்கைகள், இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் என எதுவும் கைவசம் இல்லை. அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. கடல்வழிகள் ஆபத்து நிறைந்தவையாயின.

அப்போது எழுந்த வினா பணத்தைப் பற்றியது மட்டுமன்று. பல மிஷன்களும் சேர்ந்து ஆண், பெண் இருபாலர்க்கும் உரிய ஒரே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் நெடுங்காலமாய் வேலூரைத் தாங்கி வந்த அமெரிக்கப் பெண்கள் அமைப்பினர் சிலர், பெண்களுக்காகவே தொடங்கிய நிறுவனத்தில் ஆண்களைச் சேர்ப்பது கொடுத்த வாக்கை மீறுவதாகும் என்று வருந்தினர். அவர்கள் வருத்தத்திலும் நியாயம் இருந்தது. ஐடாவே முதலில் தயங்கினார். தாம் கண்ட கனவைத் தம் கையாலேயே மாற்றி எழுத வேண்டியிருந்தது. இறுதியில் அவர் இசைந்தார். நெருங்கிய தோழியர் சிலருடைய மனத்தாங்கலுக்கு ஆளாகியும், எழுபதைக் கடந்த வயதில் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று உதவி திரட்டினார்.

1942-ஆம் ஆண்டு எம்.பி.பி.எஸ். கல்வி தொடங்க இசைவு கிடைத்தது. 1947-ஆம் ஆண்டு ஆண் மாணவரும் சேர்க்கப்பட்டனர். விடுதலைக்குப் பின் டாக்டர் ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1950-ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தின் நிலையான இணைப்பும் கிட்டியது. தென்னிந்தியத் திருச்சபை என்னும் பெயரில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளும் ஏனைய சில சபைகளும் 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் ஒன்றிணைந்ததை நாம் அறிவோம். அத்தகைய முறையான இணைப்பிற்குள் வராத சபைகளும் வேலூர் மருத்துவமனையில் ஒருமித்து உழைத்தன. திருமுழுக்கைப் பற்றியும் திருவிருந்தைப் பற்றியும் அவர்களுக்குள் இருந்த வேறுபாடுகள் அகன்றுவிடவில்லை. ஆயினும் நோயாளி காத்துக்கொண்டிருந்தார். அவரைக் காக்க வைத்துவிட்டு வேறுபாடுகளைத் தீர்த்துக்கொள்ள அவர்கள் முற்படவில்லை.

இங்கு நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நலமான காலத்தில் ஒவ்வொரு சபையும் தனித்தனியே வளர எண்ணியது. 'நம்மால் தனித்து இயலாது' என்னும் நிலை வந்தபோதுதான் அடுத்திருப்பவரின் கையைத் தேடின. நெருக்கடி அவர்களுக்குக் கற்பித்தது தாழ்ச்சி. அத்தாழ்ச்சியிலிருந்து பிறந்ததே ஒற்றுமை. நம்பிக்கையும் அவ்வாறே. 'எல்லாம் நன்றாகிவிடும்' என்று சொல்லிக் கைகட்டி இருப்பது கிறிஸ்தவ எதிர்நோக்கு ஆகாது. போர்க்காலத்தில், நாளை கல்லூரி திறந்திருக்குமா என்று தெரியாத நிலையில், இன்னும் ஒரு படுக்கையைக் கூடுதலாக இட்டார்களே, அதுவே எதிர்நோக்கு.

கத்தோலிக்கராகிய நாம் அந்நாளில் இம்முயற்சிக்கு வெளியே நின்றோம் என்பதை மறைப்பதற்கில்லை. நம்மிடமும் அன்புப் பணிகள் இருந்தன. ஆனால் சேர்ந்து செய்யலாம் என்னும் எண்ணம் இருபுறமும் எழவில்லை. 1964-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. பசி, கல்லாமை, வறுமை, வீடின்மை முதலிய துயர்களைத் துடைப்பதில் கிறிஸ்தவர் அனைவரும் ஒன்றுபட்டு உழைக்குமாறு சங்கம் அதில் அழைத்தது. உரோமையில் அவ்வேடு எழுதப்படுமுன்னரே, அதன் ஒரு பக்கத்தை நம் பக்கத்து வீட்டார் இங்கு வாழ்ந்து காட்டிக்கொண்டிருந்தனர்.

உணர்வற்ற விரல்கள்

உலகிலேயே தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகளுள் ஒன்று நம் பழைய வட ஆற்காடு மாவட்டம். 'பெருவியாதி' என்று அதற்குப் பெயர். நோய் கண்டவர் வீட்டை விட்டும் ஊரை விட்டும் விலக்கப்பட்டார். நோய் உடலை அரித்துத் தின்கிறது, அதனால்தான் விரல்கள் உதிர்ந்து போகின்றன என்று மக்களும் மருத்துவருமே நம்பியிருந்தனர். அரித்துத் தின்னும் நோய்க்கு அறுவை மருத்துவம் செய்து பயன் என்ன என்று எவரும் முயலவில்லை.

பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில் பிறந்தவர். மறைப்பணியாளரான தந்தை 1929-ஆம் ஆண்டு அம்மலையிலேயே காய்ச்சலுக்கு இரையானார்; தாய் முதிர்ந்த வயது வரை மலைவாழ் மக்களிடையே உழைத்தார். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்ற மகன், 1946-ஆம் ஆண்டின் இறுதியில் வேலூருக்கு வந்தார். தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். மடங்கிக் கிடந்த கை ஒன்றைப் பற்றி, இயன்ற மட்டும் இறுக்குமாறு பிராண்ட் ஒரு நோயாளியிடம் கூறினார். அவர் இறுக்கியபோது பிராண்டின் கை நொந்தது. செத்துவிட்டது என்று எல்லாரும் கருதிய கையில் வலுவான தசைகள் உயிரோடு இருந்தன!

அதன்பின் ஆண்டுக்கணக்கில் செய்த ஆய்வில் உண்மை புலப்பட்டது. தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. அதனால் சில தசைகள் செயலிழக்கின்றன. வலி உணர்வும் போய்விடுகிறது. விரல்களைப் பெரும்பாலும் அழிப்பது நோயன்று, வலியின்மையே. அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார், வலிப்பதில்லை. துருவேறிய பூட்டைத் திறக்கும்போது சாவி விரலைக் கிழிக்கிறது, அவருக்குத் தெரிவதில்லை. காலில் முள் தைத்தாலும் நடந்துகொண்டே இருக்கிறார். இரவில் உறங்கிய சிலருடைய விரல்கள் காலையில் குறைந்திருந்தன. காரணம் அறிய விடிய விடியக் காவல் இருந்து பார்த்தபோது, எலிகள் வந்து கடித்தது தெரிந்தது. வலி எழுப்பாததால் அவர்கள் விழிக்கவில்லை. எலிகளை விரட்டப் பூனைகள் வளர்க்கப்பட்டன!

செயலிழந்த விரல்களை இயக்க பிராண்டும் அவருடன் உழைத்தோரும் கையாண்ட முறையும் சிந்தனைக்குரியது. முன்கையில் நலமாயுள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, முடங்கிய விரல்களோடு இணைத்தனர். வலுவுள்ள தசை தன் வலிமையை வலுவற்ற விரலுக்குக் கொடுத்தது. மடங்கிய கை விரிந்தது. ஆனால் விரிந்த கையோடு ஊர் திரும்பியவர்க்கு எவரும் வேலை தரவில்லை. முன்பாவது முடங்கிய கையைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டனர். இப்போது அதுவும் கிடைக்கவில்லை என்று அவர்கள் திரும்பி வந்து முறையிட்டனர். கையை மட்டும் நலப்படுத்திப் பயனில்லை, மனிதரையும் மீட்க வேண்டும் என்பது அப்போது விளங்கியது. வயது முதிர்ந்த ஒரு மறைப்பணிப் பெண்மணி தந்த கொடையைக் கொண்டு, 1951-ஆம் ஆண்டு மண் சுவர்க் குடில்களோடு நவஜீவ நிலையம் தோன்றியது. அங்கு அவர்கள் தச்சு வேலை முதலியன கற்றனர். 1955-ஆம் ஆண்டு காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில், மருத்துவக் கல்லூரியும் தொழுநோய்ப் பணி அமைப்புகளும் சேர்ந்து தனி மருத்துவமனையை நிறுவின. உணர்வற்ற பாதங்களைக் காக்க மெத்தென்ற நுண்துளை இரப்பர் கொண்ட செருப்புகளை அங்கு உருவாக்கினர். உலகச் சந்தைக்கு விலையுயர்ந்த காலணிகள் செல்லும் இதே வட்டாரத்தில், எந்தக் கடையும் விற்காத ஒரு செருப்பு, யாரும் தொடாத பாதங்களுக்காகத் தைக்கப்பட்டது.

கேரளத்தைச் சேர்ந்த மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர், 1954-ஆம் ஆண்டு நேர்ந்த விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்பிற்குக் கீழே உணர்வும் இயக்கமும் இழந்தார். இனித் தம்மால் யாருக்கும் பயனில்லை என்று மனம் உடைந்திருந்த அவரை, தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்யுமாறு பிராண்ட் தூண்டினார். கைகளுக்கான அறுவையை அமர்ந்துகொண்டே செய்யலாமன்றோ! சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அவர் அப்பணியைச் செய்தார். பின்னர் வெளிநாடுகளில் பயிற்சி பெற்றுத் திரும்பி, ஊனமுற்றோர் மறுவாழ்வுத் துறையை வேலூரில் உருவாக்கினார். 1966-ஆம் ஆண்டு அதற்கெனத் தனி நிறுவனமும் எழுந்தது. கால்கள் உணர்விழந்த ஒருவர், கைகள் உணர்விழந்தோர்க்குத் தம் கைகளைத் தந்தார்.

இவ்விடத்தில் நம் புனிதர் ஒருவரை நினையாதிருக்க இயலவில்லை. மொலொக்காய்த் தீவின் தொழுநோயாளரிடையே 1873-ஆம் ஆண்டு குடியேறிய அருள்தந்தை தமியான், 1884-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள் தம் காலைக் கொதிநீரில் வைத்தார். தோல் வெந்து கொப்பளித்தது, வலி தெரியவில்லை. தமக்கும் நோய் தொற்றியதை அவ்வாறே அறிந்தார். அதன்பின் அவர் மக்களை நோக்கி 'தொழுநோயாளராகிய நாம்' என்று பேசியபோது, அச்சொல் முழு உண்மையாயிற்று. பிராண்டுக்கும் இத்தகைய ஓர் இரவு வாய்த்தது. இலண்டனில் நெடும்பயணத்திற்குப் பின் தம் குதிகாலில் உணர்வில்லை என்று கண்டு, ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. இரவு முழுவதும் கலங்கிக் கிடந்தார். காலையில் மீண்டும் குத்தியபோது சுரீரென வலித்தது. அவ்வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி கூறினார். 1889-ஆம் ஆண்டு தமியான் இறந்தபின் அவரைத் தூற்றி எழுதிய போதகர் ஒருவர் உண்டு. அத்தூற்றலை மறுத்து உலகறிய வழக்காடிய எழுத்தாளர் ஸ்டீவன்சனும் கத்தோலிக்கர் அல்லர். 2009-ஆம் ஆண்டு தமியான் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அவரைத் தம்மவர் என்று மகிழ்ந்தோர் எல்லாச் சபையிலும் இருந்தனர்.

திருச்சபையைப் பல உறுப்புகளுள்ள ஓர் உடலாக உருவகித்த திருத்தூதர் பவுல், ஓர் உறுப்பு துன்புறும்போது ஏனைய உறுப்புகளும் உடன் துன்புறுகின்றன என்று கொரிந்தியருக்கு எழுதினார். இதை நாம் ஓர் அறிவுரையாகவே வாசித்து வந்திருக்கிறோம். வேலூரின் வரலாற்றிற்குப் பின் இதை ஒரு மருத்துவ உண்மையாகவும் வாசிக்கலாம். உடல் ஒன்றாயிருப்பது தோலினால் மட்டுமன்று, வலியினால். எந்த உறுப்பின் வலி ஏனைய உறுப்புகளுக்கு எட்டவில்லையோ, அவ்வுறுப்பை உடல் இழந்துவிடும். ஒரு நாளில் அன்று. சிறிது சிறிதாக, தான் இழப்பதை அறியாமலே.

நம் உடலின் நிலை

இந்த அளவுகோலைக் கொண்டு நம் வட்டாரத்தைச் சோதித்துப் பார்ப்போமா?

தோல் தொழில் நம் மக்களில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதை மறந்து பேசுவது நன்றியன்று. ஆனால் அதன் கழிவு பாலாற்றில் கலந்தது, கிணறுகள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சென்றது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்று நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளுள் அது முதன்மையானது. ஆயினும் 2015-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் அதிகாலை, இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் அச்சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கவும், அதனை மாசுபடுத்தியோரிடமிருந்து பெறவும், ஆற்றைச் சீரமைக்கக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் வழக்கிற்கும் இத்தீர்ப்பிற்கும் இடையே 34 ஆண்டுகள். ஒரு தலைமுறை உழவர் தங்கள் கிணற்றைப் பார்த்துக்கொண்டே முதுமை அடைந்துவிட்டனர்.

இவ்வலி நம் ஆலயங்களில் எந்த அளவுக்கு உணரப்பட்டது? நாமும் இதற்கு வெளியே நிற்கவில்லை. டேனரியில் உழைப்போர் நம் பங்கு மக்கள். கிணறு கெட்ட உழவரும் நம் பங்கு மக்கள். ஒருவருக்குக் கூலி போய்விடுமோ என்னும் அச்சம். மற்றவருக்கு நீர் போய்விட்டதே என்னும் ஏக்கம். ஒரே பீடத்தைச் சூழ்ந்து நிற்கும் இவ்விருவரும் ஒருவர் வலியை ஒருவர் கேட்க நாம் இடம் அமைத்துத் தந்தோமா? சுவர் இடிந்து மாண்ட வங்கத் தொழிலாளரின் பெயர்களை எத்தனை ஆலயங்களில் மன்றாட்டில் சொன்னோம்?

இன்னும் அருகே வருவோம். சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பிய சபை நம் தமிழ்த் திருச்சபை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைகளைத் தலித் கிறிஸ்தவர்க்கு மறுக்கிறது என்று நாம் போராடுகிறோம். அது நியாயமான போராட்டம். ஆனால் அரசிடம் நாம் கேட்கும் நீதியை நம் பங்குப் பேரவையில், திருவிழாத் தேர் செல்லும் தெருவில், திருமண உறவில் கொடுக்கிறோமா? திண்டிவனத்தில் மூன்று பெண்களைக் கொன்ற சுவர்களைப் பற்றி வாசிக்கும்போது நமக்குக் கண்ணீர் வருகிறது. நம் சுவரைக் காணும்போது ஏன் வருவதில்லை? வலிக்கவில்லை என்பது நலத்தின் அறிகுறியன்று என்பதை நாம் வேலூரில்தானே கற்றோம்!

இவற்றைச் சொல்வது மனம் தளர்வதற்கன்று. செங்கற்பட்டில் பிராண்ட் பற்றிய கை செத்த கையாகத் தோன்றியது. உள்ளே உயிர் இருந்தது. நம் சபைகளிலும் அத்தகைய உயிர் இருக்கிறது. கரிகிரியிலும், சேத்துப்பட்டில் நம் திருச்சபையின் புனித தோமையார் தொழுநோய் மருத்துவமனையிலும், புண்ணைக் கழுவிக் கட்டும் கைகள் 'நீர் எந்தச் சபை?' என்று கேட்டதில்லை. வலுவுள்ள தசை வலுவற்ற விரலோடு இணைக்கப்பட்டது போல, வசதியுள்ள பங்கு வசதியற்ற பங்கோடும், கற்றவர் கல்லாதவரோடும், நாம் பிரிந்த சகோதரரோடும் இணைய வழிகள் உண்டு. இணைப்பதற்குச் சிறிது அறுக்கவும் வேண்டியிருக்கும் என்பதை மட்டும் மறவாதிருப்போம். ஐடா தம் கனவைத் திருத்தி எழுதினார். நாம் திருத்த வேண்டியவை எவை என்பது நமக்குத் தெரியும்.

அடுத்த சனவரியில் அவ்விரு அறிவிப்புகளும் மீண்டும் வாசிக்கப்படும். அந்த ஒன்றிப்பு வாரத்தில், ஒவ்வொரு பங்கும் அருகிலுள்ள தென்னிந்தியத் திருச்சபையாரையோ லுத்தரன் சபையாரையோ அழைத்துக்கொண்டு, ஒரு தொழுநோய் இல்லத்திற்கு, அல்லது கெட்டுப்போன ஒரு கிணற்றடிக்குச் சேர்ந்து செல்லலாமே. அங்குள்ளவர் சொல்வதை முழுவதும் கேட்டபின் செபிக்கலாமே. நீண்ட செபம் தேவைப்படாது. ஆண்டவரே, எங்கள் உடலில் உணர்வற்றுப்போன இடங்களுக்கு வலியைத் திருப்பித் தாரும் என்று கேட்டால் போதும். அவ்வலி திரும்பும் நாளில், நாம் ஒரே உடல் என்பதை யாரும் நமக்கு எடுத்துச்சொல்ல வேண்டியிராது.